பாத்திரம் விளக்கும் நாள்

பூசாரி கதிரவேலுவின் மணிக்கட்டிலிருந்த காப்பை அறுத்து வாழையிலையில் போட்டபோது காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. முந்தின நாள் மாலை தீ மிதித்த உள்ளங்கால் இன்னும் காந்திக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற ஆண்களின் முகத்திலெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம். பதினெட்டு நாள் மீன் மச்சமும் இல்லை, மதுவும் இல்லை. இனி அடுத்த ஆவணி வரைக்கும் அம்மன் கண்ணை மூடிக்கொள்வாள் என்பது இந்த ஊர் ஆண்களின் அசையாத நம்பிக்கை. காலையில் காப்பறுத்தவன் மத்தியானம் கடற்கரை மீன்வாடிக் கொட்டிலில் போத்தல் திறப்பான். பொழுதுபடுவதற்குள் பதினெட்டு நாளுக்கும் சேர்த்துக் குடித்து முடிப்பான்.

"மச்சான், ரெண்டு மணிக்கு வாடிக்கு வந்திரு," என்றான் அருள்குமரன். இருபது வருடக் கூட்டாளி.

"நான் வரல்ல. குடிய விட்டு எட்டு மாசம் எண்டு தெரியாதா உனக்கு?"

"அதெல்லாம் காப்பறுக்க முந்தின கதை," என்றான் அருள்குமரன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கதிரவேலுவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தை மாதத்தில் இரத்த வாந்தியாகச் சத்தியெடுத்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து எழும்பி வந்தவன், அதன் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், ஆள் மாறித்தான் போயிருந்தான். கை நடுக்கம் நின்றுவிட்டது. வலை ஊசியில் நூல் கோக்க இன்னொருவரைத் தேடுவதில்லை. படுத்தால் நித்திரை, எழும்பினால் பசி. ஊதிக் கிடந்த முகம் வற்றி, கலியாணப் படத்தில் நிற்கிறவனின் சாடை திரும்பியிருந்தது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டான், கிணற்றடிக்குச் சீமெந்து போட்டான். விடியற்காலைத் தேத்தண்ணிக்கு ஒரு ருசி உண்டு என்பதை நாற்பத்தேழு வயதில் கண்டுபிடித்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அதைச் சொன்னான். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

ஊர் கிடக்கட்டும். வீட்டிலிருந்தும் ஒரு நல்ல சொல் வரவில்லை, அதுதான் அவனை அரித்தது. இரஞ்சிதம் சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மகள் சுலக்ஷனாவிடம் அதுவும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை, அவன் உள்ளே வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அவள் 'அப்பா' என்று கூப்பிட்டு எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தான். நினைவில் இல்லை. அவனுக்கு நினைவில் இல்லாதவை நிறைய இருந்தன.

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். அதற்கென்று இந்த நாளைத்தான் மனதில் குறித்து வைத்திருந்தான். ஊரே குடித்துப் புரளும் நாளில் ஒருவன் மீனும் கையுமாக வீட்டுக்கு வந்து நின்றால், பெண்டாட்டி பிள்ளை நம்பாமல் என்ன செய்வார்கள்?

காப்பறுக்கும் நாளில் பெண்களுக்கும் கோயிலில் ஒரு வேலை உண்டு. திருவிழாவுக்கு எடுத்த அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கி அடுக்குவார்கள். பாத்திரம் விளக்கும் நாள் என்றே அதற்குப் பெயர். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். "என்ட மனிசிக்கு அம்மன் எண்டா உயிர்," என்று வாடியில் போத்தலும் கையுமாக இருந்துகொண்டு கதிரவேலு பெருமையடித்ததுண்டு.

அன்று காலை இரஞ்சிதம் பையில் பழப்புளியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்: "பின்னேரம் ரெண்டு பேரும் வெள்ளன வந்திருங்க. களப்பில நல்ல மீனொண்டு பிடிச்சிக்கொண்டு வாறன். ஒண்டா இருந்து சாப்பிடுவம்."

"சோறு ஆக்கி மூடி வச்சிருக்கு," என்றாள் இரஞ்சிதம். அதை அவன் ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

அம்மன் புண்ணியமோ என்னவோ, வீச்சுவலையில் ஒரு கொடுவா விழுந்தது. முழங்கை நீளம். கரையில் மீன் எடுக்க நின்ற முஸம்மில் நானா அதைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"தாங்க கதிரவேலு, நல்ல வெல போட்டுத் தாரன்."

"விக்கிறத்துக்கில்ல நானா. வீட்டுக்கு."

"இண்டைக்கா? வாடிக்குப் போகல்லயா?" அவனை மேலும் கீழும் பார்த்தார். "மாஷா அல்லாஹ். மொகம் வெளிச்சமா இரிக்கி. அப்பிடியே இரிங்க."

அந்த ஒரு சொல்லில் கதிரவேலு நிலத்தில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தான். மணி நான்கரை இருக்கும். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் அப்படியே நின்றான்.

வீடு துடைத்துவிட்டது மாதிரிக் கிடந்தது. தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. சுலக்ஷனாவின் புத்தகங்கள் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த கண்ணாடிச் சாமான்கள் இல்லை. கள்ளன் வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். குசினிக்குள் ஓடினான். அரிவாள்மனை இல்லை, மீன் வெட்டும் கத்தி இல்லை, மண்ணெண்ணெய்ப் போத்தல்கூட இல்லை. எந்தக் கள்ளன் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்குவான்? அடுப்புத் திண்டில் சோறு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரேயொரு பிளாஸ்டிக் கோப்பை.

முன்னறைக்குத் திரும்பியபோதுதான் பாயைக் கண்டான். வாசற்படியிலிருந்து இரண்டடி தள்ளி, உள்ளே வந்து விழுகிறவன் விழ வசதியாக விரித்திருந்தது. தலைமாட்டில் பழைய பெயின்ட் வாளி, அடியில் கொஞ்சம் மணல். சத்தியெடுக்கிறவனுக்கு.

அந்த வாளியை அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் காப்பறுத்த மறுநாள் அவன் கண் விழிக்கும்போது அது கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்திருக்கும். வீட்டில் எல்லாச் சாமானும் இருந்த இடத்தில் இருக்கும். இரஞ்சிதம் தேத்தண்ணி கொண்டு வருவாள். ராத்திரி அவர்கள் வீட்டில் இருந்தார்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை, அவ்வளவு பெரிய குடும்பஸ்தன். இந்த எட்டு மாதமும் அவர்கள் கண்ணில் படவேயில்லை போலும். வழக்கம்போலவே பாய் விரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மீன் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தான். கோயிலுக்குள் மச்சம் கொண்டுபோக முடியாது. வெளியே பூவரசங் கிளையில் பையைக் கொளுவிவிட்டு இரும்புக் கேற்றடிக்கு வந்தான். உட்பக்கம் ஆமைப்பூட்டுத் தொங்கியது.

பாத்திரம் விளக்கி எப்போதோ முடிந்திருந்தது. அண்டாக்கள் மண்டபத்து மூலையில் கவிழ்ந்திருந்தன. ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். பாய், தலையணை, பால்மாப் பேணி, புத்தகப் பை என்று ஒரு ராத்திரிக்கான சாமான்கள் எல்லாம் இருந்தன. அவன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியும் சுவரோரம் இருந்தது. நடுவில் சுலக்ஷனா நாலைந்து பெண்பிள்ளைகளுக்கு ஏதோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தன் நடிப்புக்குத் தானே வாய்விட்டுச் சிரித்தாள். தன் மகளுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பது கதிரவேலுவுக்குப் புதுச் செய்தி.

இரஞ்சிதம் அவனைக் கண்டுவிட்டாள். திறப்பை எடுத்துக்கொண்டு வந்து, பூட்டைத் திறந்து, ஒரு அடி வெளியே வந்து நின்றாள்.

"நான் குடிக்கல்ல. வேணுமெண்டா மணந்து பார்," என்று வாயைத் திறந்து ஊதிக் காட்டினான்.

"தெரியும். நடையிலயே தெரியும்."

"அப்ப வாங்க வீட்ட. கொடுவா கொண்டுவந்திருக்கன்."

"அவள் வரமாட்டாள்."

"எட்டு மாசம், இரஞ்சிதம்! எட்டு மாசமா நான் மனிசனா இருக்கிறன். ஒருத்தருக்கும் கண் தெரியல்லயா?"

"கத்தாதீங்க, பிள்ள பாக்குது." இரஞ்சிதத்தின் குரல் உயரவில்லை. "நீங்க எட்டு மாசமா நல்லா நித்திரை கொள்றீங்க. அவள் கொள்றயில்ல. உங்கட சைக்கிள் சத்தம் கேட்டு, நீங்க செருப்பைக் கழட்டி, வந்து படுக்கிற வரைக்கும் கண்ணை முழிச்சிக்கொண்டு கிடப்பாள். குடிச்சிட்டு வந்தா எங்க ஓடுறது எண்டு அவளுக்குத் தெரியும். குடிக்காம வாற ஆளோட என்ன செய்யிறது எண்டு தெரியாது. வருசத்தில இண்டைக்கு ஒரு நாள்தான் அவள் பயமில்லாமப் படுக்கிறவள். அதையும் புடுங்காதீங்க."

அவன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கேற்றைப் பார்த்தான். நடுக்கம்பி ஒன்று வளைந்து, கீழே ஒட்டுப் போட்டிருந்தது.

"இது எப்ப உடைஞ்சது?" என்று கேட்டான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"போன வருசம். இதே நாள்."

"ஆரு உடைச்சது?"

இரஞ்சிதம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அருள்குமரன் அந்தப் பக்கம் பிடிச்சிருந்தார்," என்றாள்.

போன வருடம் இதே நாளுக்குப் பிறகு ஒரு வாரம் அவனுக்கு வலது தோள் தூக்க முடியாமல் இருந்தது. தோணி தள்ளும்போது பிடித்தது என்று எல்லோரிடமும் சொன்னான். அவனும் அப்படித்தான் நம்பினான். நாள் தவறாமல் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டவள் இரஞ்சிதம். சரியாகத் தேய்க்கிறாய் இல்லை என்று அவளுக்கு ஏச்சும் விழுந்தது. அவள் அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று நினைக்க, அவனுக்கு வெட்கம் தாங்க முடியவில்லை. குடித்த நாளில் வராத வெட்கம்.

கடற்கரைப் பக்கமிருந்து அருள்குமரனின் குரல் கேட்டது. பாட்டும் தூஷணமும் கலந்து, தன் மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான். மண்டபத்தில் சிரிப்பு நின்றது. தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"வீட்ட போறதெண்டா போங்க," என்றாள் இரஞ்சிதம். "இருக்கிறதெண்டா இருங்க. ஆனா வெளியில." அவள் உள்ளே போனாள்.

கதிரவேலு கேற்றுக்கு வெளியே, அதில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்தான். பூவரசுக்குக் கீழே இரண்டு நாய்கள் பையை எட்டி எட்டிப் பாய்ந்தன. அவன் எழும்பவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். சுலக்ஷனா பூட்டோடு நின்றாள்.

"அப்பா," என்றாள்.

எட்டு மாதமாக அவன் காத்திருந்த சொல்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி இருங்க. பூட்டோணும்."

அவன் தள்ளி உட்கார்ந்தான். "பூட்டு மகள். நல்லா இழுத்துப் பாத்துப் பூட்டு."

அவள் பூட்டினாள். அவன் சொன்னபடியே இழுத்துப் பார்த்தாள். பிறகு அவனை ஒருதரம் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.