பதினெட்டு டப்பி

ஆம்பூர் ஷூ கம்பெனியின் மேனேஜர் மூர்த்தி, தோலுக்குப் பசை ஒட்டும் பேஸ்டிங் செக்‌ஷனுக்குள் வந்து கம்பெனிக்கு வைத்தியம் பார்க்க வரும் டாக்டர் சைராவின் முன்னால் மேஜைமேல் சிறுநீர் டெஸ்ட் தாளை அறைந்து வைத்தார்.

"பதினெட்டு பொம்பளைங்க, பதினெட்டு பேரும் கர்ப்பம். வேலைக்கு லாயக்கில்லைன்னு ஒரு கையெழுத்து போடுங்க டாக்டரம்மா."

சுவரோரம் நின்ற கிறிஸ்டினா விரல்விட்டு நாள் எண்ணினாள். பதினெட்டு டப்பியிலும் இருந்தது அவளுடைய சிறுநீர்தான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டோக்கனால் வந்தது. செக்‌ஷன் முழுவதற்கும் பாத்ரூம் போக ஒரே டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் எழுந்திருக்கலாம். அதற்குப் பயந்து யாரும் தண்ணீரே குடிப்பதில்லை, பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. கிருமி இருக்கிறதா பார்க்கலாம் என்று டாக்டர் சைராதான் டப்பி கொடுத்தார். நோய் என்று தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்களே! வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான கிறிஸ்டினாதான் நல்ல உடம்புக்காரி என்று, ஆளாளுக்கு அவளிடம் வாங்கி நிரப்பிக்கொண்டார்கள். டாக்டருக்குத் தெரியாமல் மேனேஜர் கர்ப்ப டெஸ்ட்டும் எடுப்பார் என்று யார் கண்டது!

நாலு வருஷமாக ஏங்கிய பிள்ளை இப்படியா வந்து சேதி சொல்லும்? சந்தோஷத்தில் அழுவதா, வேலை போகுமே என்று அழுவதா? கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிற புருஷன் கோபிக்கு இவள் சம்பளம்தான் கஞ்சி.

டாக்டர் சைரா லேசுப்பட்டவர் இல்லை. அவர் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண்ணே அவர்தான். டாக்டராகி வந்தபின் பெண்களுக்காகச் சண்டை போட்டே மூன்று கம்பெனிகளின் பொல்லாப்பைச் சம்பாதித்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தவர், ஒரு பெயரில் நின்றார்.

"பட்டம்மாள், வயசு அம்பத்திமூணு. இவங்க கர்ப்பப்பையைப் போன வருஷம் எடுத்ததே நான்தான் மூர்த்தி சார். இவங்களும் கர்ப்பம்னு கையெழுத்து போடணுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தாள். மூர்த்தியின் முகம் சுருங்கியது. ஆனால் ஆள் கெட்டிக்காரர்.

"அப்போ எல்லாம் ஒருத்தியோடது. யாரு அவ? அவ மட்டும் வெளிய போகட்டும், மத்தவங்கள விட்டுடறேன்."

தன் ஒருத்தியால் பதினேழு பேர் பிழைப்பு போவதா? கிறிஸ்டினா ஒரு காலை எடுத்து வைத்தாள். பக்கத்தில் நின்ற பட்டம்மாள் வெடுக்கென்று அவளைப் பின்னால் இழுத்துவிட்டு, தானே முன்னால் போய் நின்றாள்.

"என்னுதுதான் சார். இப்ப இன்னா?"

"விளையாடறியா?"

"உங்க தாள்லயே போட்டிருக்குதே சார்!"

சைரா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "கேக்காம கர்ப்ப டெஸ்ட் எடுத்தீங்க. கர்ப்பம்னு வேலையை விட்டு எடுக்கப் பாக்கறீங்க. நாளைக்குக் காலையில இத வேலூர் லேபர் ஆபீஸ்ல நானே குடுக்கறேன். இவங்கள்ல ஒரு ஆள் கம்மியானாலும் உங்கள விடமாட்டேன்."

"பேஜார் பண்ணாதீங்க டாக்டரம்மா..."

"பேஜார் பண்ணது நீங்க."

போகிற வழியில் சைரா ஆணியிலிருந்து டோக்கனை உருவி அதையும் பைக்குள் போட்டார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைப் பட்டம்மாளிடம் நீட்டினார்.

"கர்ப்பமா இருக்கறவங்க தண்ணி ஜாஸ்தி குடிக்கணும்."

மூர்த்தி கதவைச் சாத்திக்கொண்டு போனதும் பாட்டில் கிறிஸ்டினாவின் கைக்கு வந்தது. அழுதுகொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு யாரையும் கேட்காமல் பாத்ரூமுக்கு நடந்தாள்.