கிருஷ்ணம்மாளின் சாக்கு

...நம்மளதுதான் என்று சாந்தாமேரி ஏன் சொன்னாள், கிருஷ்ணம்மாக்காவோட சாக்குங்க என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும், வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது, டிரைவர் ராஜேந்திரன் உடனே சாக்கை வண்டிக்குள் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டான், பாட்டில்கள் சடசடவென்று விழுந்து மற்ற பாட்டில்களோடு கலந்துவிட்டன, இனி எது கிருஷ்ணம்மாளுடையது எது குப்பை பொறுக்குவோர் சங்கத்துடையது என்று யாரால் பிரிக்க முடியும்... வண்டி கரடியூரை விட்டு ஏற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, சாந்தாமேரி பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வளைவுக்கு வளைவு குப்பையோடு சேர்ந்து அவளும் சாய்ந்தாள், காப்பிச் செடிகளுக்கு மேல் பனி இன்னும் விலகவில்லை. இந்தப் பாதையில்தான் கிருஷ்ணம்மாளும் பின்னால் நடந்து வந்துகொண்டிருப்பாள், பாரமில்லாமல், கையை வீசிக்கொண்டு.

வியூபாயிண்ட் பாறைக்குக் கீழே உண்ணி முட்புதருக்குள் இறங்கிப் பாட்டில் பொறுக்கியிருந்தாள் அவள், முள் கிழித்து முழங்கையில் ரத்தம், அதைத் துடைக்கக்கூட இல்லை, வண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "மேரி, நீ வண்டியிலதான போற, இதையும் ஏத்திட்டுப் போயி நம்ம பழைய இரும்புக்கடையில எறக்கிடு கண்ணு, முட்டி நொம்ப வலிக்குது, நான் பையப் பொறவால நடந்து வந்து எடை போட்டுக்கறேன்." பிறகு சாந்தாமேரிக்குச் சங்கத்தில் கொடுத்த பச்சைக் கோட்டைத் தடவிப் பார்த்தாள், உனக்கு எடுப்பா இருக்குது புள்ள என்றாள். அதில் பொறாமை கொஞ்சம் இருந்திருந்தால்கூடத் தேவலாம். அவள் முழங்கையைக் கழுவக் குழாயடிக்குப் போன பிறகு டீ குடித்துவிட்டு வந்த ராஜேந்திரன், "இது யாரு பொறுக்குனதுங்க மேரிக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான், வெளியாட்களின் சரக்கை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது சங்கத்தின் விதி, போன மாதம் நாகலூர்க்காரி ஒருத்தியை அதற்காகவே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அந்தப் பயம்தான், பயம்தானே? நம்மளதுதான் என்றாள். நம்மளது என்றால் எத்தனையோ வருசமாக அது இவளும் கிருஷ்ணம்மாளும்தான், ஆளுக்கொரு சாக்கு தூக்கினாலும் நம்மளது, லாட்ஜ் பின்பக்கம் அட்டைப்பெட்டி கிடந்தால் நம்மளது, நாய் துரத்தினால் அதுவும் நம்மளது. அந்த வார்த்தைக்குள்ளிருந்து அவளை எப்போது இறக்கிவிட்டோம்...

லாட்ஜ் வாட்ச்மேன் ஒருநாள் பித்தளைக் குழாய் காணோம் என்று சாந்தாமேரியின் கையைப் பிடித்து இழுத்தானே, போலீசுக்குச் சொல்வேன் என்றானே, அன்றைக்குக் கிருஷ்ணம்மாள் கேட்டுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், கார் வந்து ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை, "ஏனுங்க, அவ கையை உடுங்க, அப்பறம் எந்திரிக்கறேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போது அதே வாட்ச்மேன் வணக்கம் வைக்கிறான், கழுத்தில் சங்கத்து அட்டை தொங்குகிறதே, கையுறை இருக்கிறது, காய்ச்சல் வந்தால் ஊசி போட ஏற்பாடு இருக்கிறது. வேண்டாமென்று சொல்ல முடியுமா, இதுவும் நல்லதுதான், நல்லது இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்று சொல்லிச் சேர்க்கும்போதே கிருஷ்ணம்மாளை ஒதுக்கிவிட்டார்கள், நீ போ கண்ணு, ஒருத்தியாச்சும் நல்லாரு என்று அவளே அனுப்பி வைத்தாள். அன்றிலிருந்து வண்டி போய் அள்ளியது போக மிச்சத்தைத்தான் அவள் பொறுக்குகிறாள், புதருக்குள் இறங்க வேண்டியதும் அதனால்தான், முட்டி வலியும்...

பழைய இரும்புக்கடை வந்தது, வண்டி நிற்கவில்லை, நிற்கச் சொல்லவுமில்லை, கடைவாசல் பின்னால் நகர்ந்து போனபோது சாந்தாமேரி குனிந்து கையுறையைக் கழற்றினாள், கழற்றி மறுபடியும் மாட்டினாள். சங்கத்துக் கொட்டகைக்குள் வண்டியைக் கவிழ்த்ததும் ஜோஸ்லின் ஓடி வந்தாள், சேலத்திலிருந்து வந்து சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண், சின்ன வயசு, எதற்கும் சந்தோஷப்படுவாள். "மேரியக்கா, கரடியூர்ல இருந்தா இவ்வளவு? நொம்ப நல்லாப் பண்றீங்க" என்று தோளைத் தொட்டாள். சாந்தாமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உண்மையான சிரிப்பு, உள்ளே குளிர்ந்தது, சே... அதை அடக்குவதற்குள் ஜோஸ்லின் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னொரு நல்ல சேதிங்கக்கா. வயசானவங்களையும் இனிமே சேத்துக்கலாம். வண்டியில வர வேண்டாம், இங்கயே உக்காந்து தரம் பிரிச்சாப் போதும். வெளியே தனியாப் பொறுக்கறவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

கிருஷ்ணம்மாள். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. இதற்காகத்தானே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சொன்னால் நாளைக்கே அவள் இந்தக் கொட்டகையில் பக்கத்தில் உட்காருவாள், முட்டியை நீட்டிக்கொண்டு, நிழலில், பேசிக்கொண்டே, பேச்சுவாக்கில் எல்லோருக்கும் முன்னால் கேட்பாள், அந்தச் சாக்கு என்னாச்சு கண்ணு? சந்தேகமாகக்கூட இருக்காது, சும்மா கேட்பாள். ராஜேந்திரன் திரும்பிப் பார்ப்பான், ஜோஸ்லினும்... சொல்லிவிடலாம், இப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இந்தப் பெண் நல்லவள், திட்டமாட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றாள் சாந்தாமேரி.

சரிங்கக்கா என்று ஜோஸ்லின் அடுத்தவளிடம் போய்விட்டாள். சாந்தாமேரி பாட்டில் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள், மூடியைத் திருகித் தனியாகப் போட்டாள், அடுத்த பாட்டில், அடுத்த மூடி, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இந்நேரம் கிருஷ்ணம்மாள் கடைக்கு வந்து சேர்ந்திருப்பாள், சாக்கைக் காணாமல் வண்டி இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது போல என்று வாசலோரமாக உட்கார்ந்திருப்பாள், மேரி வந்துடுவா என்று கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அவளுடைய முட்டிக்கு ஒரு நிழல் கிடைத்துவிடும்... அது கிடைக்காமல் போனால் தனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு எழுந்தது, அது தன்னுடைய நினைப்புத்தானா, வேறு யாராவது சொன்னதா என்று அவள் திரும்பிக்கூடப் பார்த்தாள்.