மயூரியும் தேசிங்கும்

விலை குறைந்த போன்களில் ஒரே ஒரு குரல்தான் இருக்கும். யார் கூப்பிட்டாலும் அந்தக் குரலில்தான் கேட்கும். விலை கூடின போன்களில் அவரவருக்கு அவரவர் குரலே உண்டு என்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒன்றை வாங்கியதில்லை, அதனால் எனக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. பேசுகிறவர் பெயர்தான் திரையில் வந்துவிடுகிறதே. யாரென்று தெரிந்தபின் குரல் எதுவாக இருந்தால் என்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் மகள் அனுசியாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் போன் கிடையாது. நானும் என் மனைவி முத்துராக்கும் ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி மில்லில் தறி ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர்களுக்குத் தொண்டையே போதும். அடுப்படியிலிருந்து முத்துராக்கு கூப்பிட்டால் தெருமுனைக் குழாயில் நிற்கிற அனுசியா திரும்பிப் பார்ப்பாள். ஓசூர் வரைக்கும் அந்தத் தொண்டை எட்டாது என்பதால், மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோருமாகக் காஜா மைதீன் பாய் கடைக்குப் போனோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். போன் வாங்கப் போகிறவர்கள் நன்றாக அழத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். ஒற்றைக் குரலுக்குள் எல்லா உணர்ச்சியும் அடங்காது. எது போகும், எது போகாது என்று கடையிலேயே சோதித்துவிட வேண்டும். பிறகு வந்து குறை சொன்னால் கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நாங்கள் என் மச்சினன் கனகவேலைக் கூட்டிப்போனோம். கல்யாண வீடியோ எடுக்கிறவன். தாலி கட்டும் நேரத்தில் படம் ஆடினால் அது இவன் எடுத்த வீடியோ என்று ஊரே சொல்லிவிடும். கேட்ட மாத்திரத்தில் அழுவான். கைவிட்டுப் போன தன் மினி லாரியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் போதும்.

பாய் இரண்டு போன்களை எடுத்து வைத்தார். ஒன்று மயூரி 2. இன்னொன்று தேசிங்கு லைட்.

“பேட்டரி ரெண்டுலயும் ஒண்ணுதான் அண்ணாச்சி. டார்ச்சு ஒண்ணுதான். கேமரா ரெண்டும் சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். தேசிங்கு கொஞ்சம் கனம். மயூரி கொஞ்சம் சூடாகும். மத்தபடி குரல்தான் வித்தியாசம். கேட்டுப் பாருங்க.”

கனகவேல் ரோட்டைத் தாண்டி ஜூஸ் கடை ஓரமாக நின்றுகொண்டு மயூரிக்குப் போன் போட்டான். எடுத்துக் காதில் வைத்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்ணின் குரல். மயிலாடுதுறைப் பக்கம். கழுவிக் கவிழ்த்த டம்ளர்போல ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக இருந்தது. எதிர்ப்பக்கம் கனகவேல் கரண்டுக் கம்பத்தில் சாய்ந்து தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான். ஜூஸ் கடைக்காரர் தன் துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தார். என் காதிலோ, “லாரி போயிருச்சு மச்சான்” என்று அந்தப் பெண், கொழுக்கட்டை வெந்துவிட்டது என்கிற மாதிரி மகிழ்ச்சியாகச் சொன்னாள்.

அடுத்து தேசிங்கு. அது ஒரு ஆண் குரல், கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தது. கனகவேலின் அழுகை அதில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த பாய்க்கே கண் கலங்கிவிட்டது. சரி, சிரித்துக் காட்டு என்று கையால் சைகை செய்தேன். கனகவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் கேட்டதென்னவோ, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஒருவர் துக்க வீட்டு வாசலில் விசாரிப்பதுபோல இருந்தது.

“மயூரில அழுகை வராது. தேசிங்குல அழுகையத் தவிர ஒண்ணும் வராது” என்று பாய் முடித்துக்கொண்டார்.

எனக்கு மயூரி பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்து சாய்ந்து உட்கார்ந்து காதில் வைத்தால் நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் வாழ்க்கையிடம் கேட்பது. முத்துராக்கு தேசிங்கைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

“பிள்ளை அங்க கஷ்டப்பட்டா எனக்குத் தெரியணும்ல.”

“இதுல அவ சந்தோஷமா இருந்தாலும் கஷ்டப்படுற மாதிரில்ல கேக்கும்? தெனம் ஓசூருக்குப் பஸ் ஏறுவியா?”

“ஏறுவேன்” என்றாள்.

அவள் ஏறக்கூடியவள். அதுவரை கண்ணாடிப் பெட்டியில் போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அனுசியாதான் திரும்பி, “மயூரிய எடு யப்பா. யம்மா பயப்படாம இருப்பா” என்றாள். போன் யாருடன் பேசுவதற்காக வாங்கப்படுகிறதோ அவர் சொல்வதே முடிவு என்பதும் எங்கள் வழக்கம்தான். முத்துராக்கு தேசிங்கைக் கீழே வைத்தாள்.

மயூரி வந்த பிறகு எங்கள் வீடு கலகலப்பாகிவிட்டது. காஸ் சிலிண்டர் இன்று வராது என்று ஏஜென்சியிலிருந்து சொன்னால்கூட இன்னொரு தடவை கேட்கத் தோன்றும். தறியில் நூல் அறுந்ததற்காக மில் மேஸ்திரி ஒருநாள் கூப்பிட்டு என் பரம்பரையையே இழுத்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நல்லா சொன்னீங்க” என்று மனதாரச் சொல்லி வைத்தேன். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி தேசிங்கு வாங்கினாள். தங்கை கூப்பிட்டுப் பேத்தி பிறந்திருக்கிறது என்றதும் தெருவே மாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றது. மாலையை வீணாக்க வேண்டாம் என்று தொட்டில் கம்பியில் கட்டிவிட்டு வந்தார்கள்.

அனுசியா விடுதிப் போனிலிருந்து தவறாமல் பேசினாள். வேலை பிடித்திருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, கூட இருக்கிற பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள் என்று மயிலாடுதுறைக் குரலில் அழகழகாகச் சொன்னாள். எனக்கு வயிறு நிறைந்துவிடும். முத்துராக்கு மட்டும் பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பாள்.

“என்னங்குறா?” என்பேன்.

“நல்லாருக்கேன்னுதான் சொல்றா.”

“பெறகென்ன?”

“இதுல வேற எப்படிச் சொல்ல முடியும்?” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. திரையில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. முத்துராக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“வணக்கங்க. நான் தையல்நாயகி பேசறேன், மயிலாடுதுறைலேர்ந்து. மயூரியில வர்ற குரல் என்னோடதுதாங்க.”

“சொல்லுங்கக்கா” என்றாள் முத்துராக்கு அடுப்படியிலிருந்தே.

“உங்க பொண்ணு உங்ககிட்ட பேசறப்பல்லாம் அழுவுதுங்க. எனக்கு அழுகைய அனுப்ப வழி கெடையாது. அதனால வார்த்தைய மட்டும் அனுப்பிட்டு அழுகைய எங்க வீட்டுலயே வச்சிருக்கேன். மொதல்ல பரண்ல வச்சேன், ஒழுவுது. இப்ப கூடத்துக்கு எறக்கியாச்சு, பிள்ளைங்க படிக்க எடமில்ல. நேர்ல கொண்டாந்து குடுத்துடட்டுங்களா?”

நான் ஆசை ஆசையாகக் காதில் வாங்கிக்கொண்டதெல்லாம் அந்த அழுகையைக் கழித்துவிட்டு மிஞ்சியதைத்தான். முத்துராக்கு எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று நிதானமாக வழி சொன்னாள்.

தையல்நாயகி வந்த அன்று எங்கள் ஊரில் எந்த மயூரியிலும் சத்தம் இல்லை. போன் அடிக்கும், எடுத்தால் அமைதியாக இருக்கும். ஜனங்கள் கொஞ்ச நேரம் “ம், ம்” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை.

அந்த அம்மாள் குள்ளமாக, கட்டைப் பையோடு வந்து இறங்கினாள். தண்ணீர் குடித்ததும், “சின்னது ஒண்ணு இருக்கு, அதை மொதல்ல முடிச்சிக்கறேன்” என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கடையில் சோதித்தபோது கனகவேல் அழுத அழுகை. அவனுக்கு ஆள் அனுப்பினோம். வந்து நின்று கடைசிவரை கேட்டவன், “என்னுதுதான்” என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

பிறகு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். முத்துராக்கு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தையல்நாயகி முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

குரல் என்னவோ போனில் கேட்கிற அதே குரல்தான். அழுகை அனுசியாவுடையது. வாய்விட்டு அழ மாட்டாள் எங்கள் பிள்ளை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அப்புறம் ஒரு விக்கல் வரும். அது அப்படியே வந்தது. முதல் விக்கலிலேயே முத்துராக்கு அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஒன்று முடிந்ததும் தையல்நாயகி மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். போன் வந்து முதல் வாரத்தில் அழுதவை கனமாக இருந்தன. போகப்போகக் கொஞ்சம் லேசாயின. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் இல்லை.

“எதுக்கு அழுதாளாம்?” என்று கேட்டேன்.

“அது தெரியாதுங்க. நான் வெறும் குரல்தானே.”

“எதுக்கா இருந்தா என்ன” என்றாள் முத்துராக்கு. அந்த அம்மாளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தறிக்கு மேலே பேசுகிற அதே தொண்டையில் அவளிடமே சொன்னாள்: “ஏ புள்ள, பிடிக்கலைன்னா வந்துரு. வேலைய விட்டுட்டுத்தான் வரணும்னு இல்ல, சும்மாவும் வரலாம். நான் பயப்படக் கூடாதுன்னு நீ ஏன் நல்லாருக்க? எனக்குப் பயப்படத் தெரியும். நீ அழுதா அழுதேன்னு சொல்லு.” பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்க்காத அளவுக்கு அழுதாள். தையல்நாயகி அவள் முதுகைத் தடவியபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இதையும் எங்கிட்ட குடுத்துடுங்க. போற வழிதான், ஓசூர்ல எறங்கிக் குடுத்துட்டுப் போயிடறேன்” என்றாள்.

ராஜபாளையத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் ஓசூர் வராது. குரல்களுக்கு வேறு ரூட் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரசமும் அப்பளமும் போட்டுச் சாப்பிட்டாள். வந்தபோது இருந்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. இனி கூடத்தில் பிள்ளைகள் படிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே கிளம்பிப் போனாள்.

மறுநாளே எங்கள் ஊர் மயூரிகளில் குரல் திரும்பிவிட்டது. அதற்கு அடுத்த நாள் காலையில், நாங்கள் மில்லுக்குக் கிளம்புகிற நேரத்தில், அனுசியா கூப்பிட்டாள்.

“யம்மா, நேத்து நீ வந்தது நல்லாருந்துச்சும்மா. வார்டன் ஒண்ணுமே சொல்லல. நீ கேட் பக்கத்துல உக்காந்து அழுதப்ப எங்க ரூம் பிள்ளைங்கதான் டீ வாங்கிட்டு வந்தாளுங்க, கவனிச்சியா? எனக்கு இப்ப பரவாயில்ல. இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன். பிடிக்கலைன்னா வந்துர்றேன். அடுத்த வாரம் சும்மாவும் வர்றேன்.”

நேற்று முழுக்க முத்துராக்கு என் பக்கத்துத் தறியில்தான் நின்றாள்.

“கவனிச்சேன்” என்றாள் முத்துராக்கு. “நல்ல பிள்ளைங்க.”

“செருப்பை இங்கயே விட்டுட்டுப் போய்ட்டம்மா.”

முத்துராக்கு வாசலை எட்டிப் பார்த்தாள். என் செருப்பு மட்டும் கிடந்தது.

“உனக்கும் அதே அளவுதான?” என்றாள். “போட்டுக்க.”