பூவரசமரத்தடிக் கூட்டம்

எமில்டா டீச்சர் பந்தைப் பிடிக்கவில்லை. பந்து தன்மேல் பட்டுவிடாமல் விலகி நின்று, அது உருண்டு போய்ச் சுவரோரம் அடங்கும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். அவ்வளவு தூரமும் திரும்ப நடந்து வந்து, பூசையில் காணிக்கை கொண்டுபோகிறவளைப் போல, இரண்டு கையாலும் ஜெயஷீலாவிடம் நீட்டினாள்.

"டீச்சர், இது த்ரோபால். எறியணும். கொண்டுவந்து கையில குடுக்கக் கூடாது."

"சரி டீச்சர்," என்றாள் எமில்டா. அடுத்த பந்தையும் அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள்.

துறைமுகச் சாலையை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடம் அது. நாள் முழுக்க நிலக்கரி லாரிகள் போகும். மைதானத்தில் எதைத் தொட்டாலும் கை கறுத்துவிடும். அந்த மைதானத்துக்கு ஜெயஷீலா உடற்கல்வி ஆசிரியை. சொந்த ஊரான நாசரேத்திலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த புதிதில், விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கத்தான் தன்னை எடுத்திருக்கிறார்கள் என்று அவளும் நம்பியிருந்தாள். மாநில அளவில் ஆடியவள், நாலு பிள்ளைகளை மாநில அளவுக்குக் கொண்டுபோகலாம் என்று ஆசை வைத்திருந்தாள். காலை பிரேயரில் அட்டென்ஷன் சொல்வதற்கும், நகம் வெட்டியிருக்கிறார்களா, இரட்டைச் சடை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கும், விருந்தினர் வந்தால் தட்டேந்தும் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்துவதற்கும்தான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்பது போகப்போகத்தான் புரிந்தது. புரிந்ததிலிருந்து அந்த ஸ்டாஃப் ரூமில் இருந்த ஒருத்தியையும் அவள் மதிக்கவில்லை. மூட்டுவலி, சர்க்கரை, பிரஷர் என்று டிபன் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்து, டப்பாவை மூடும்வரை நோயைப் பற்றியே பேசுகிற கூட்டம். மாடிப்படி ஏறினாலே சேசுவைக் கூப்பிடுகிறவர்கள், பி.டி. என்றால் விளையாட்டுத்தானே என்று சிரிப்பார்கள்.

எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். இரண்டையும் கணக்கு டீச்சர் எமில்டா எடுத்துக்கொண்டிருந்தாள். போர்ஷன் முடியவில்லையாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், இந்த நாட்டில் எவள் பீரியடையும் எவளும் பிடுங்கிக்கொள்ளலாம். ஜெயஷீலாவின் த்ரோபால் டீமில் ஆடிய ஏழு பேரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். மாவட்டப் போட்டிக்குத் தயாராக வேண்டிய ஏழு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகத்தின் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து, பி.டி. டீச்சர்கள் நீங்கலாக மற்ற ஆசிரியைகளுக்கு ஒரு த்ரோபால் போட்டி நடத்துவது வழக்கம். இந்த வருஷம் அது நாசரேத்தில். தலைமையாசிரியை அற்புதமணி அவளைக் கூப்பிட்டு விட்டாள்.

"ஜெயஷீலா, கப்பெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சிருங்க. போன வருசம் ஒரு பாயிண்டுகூட எடுக்காம வந்தோம்னு கரஸ்பாண்டன்ட் மீட்டிங்ல வச்சு எல்லாரு முன்னாலயும் கேக்காரு."

"ஜெயிச்சா எட்டாங்கிளாஸ் பி.டி. பீரியட் எனக்குத் திரும்ப வேணும் மேடம்."

அற்புதமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஜெயிச்சிட்டு வாங்க, தாரேன். தோத்தா அந்தப் பேச்சையே இந்த வருசம் எடுக்கக் கூடாது."

இப்படித்தான் அந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே, டாக்டர் சீட்டு இல்லாதவர்கள் என்று அலசிப் பார்த்ததில் ஏழு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருத்திக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பந்து தெரியாது, கழற்றாவிட்டால் பயம். இன்னொருத்தி ஜாக்கெட் கை இறுக்கம் என்று தோளுக்கு மேல் கையைத் தூக்கவே மாட்டேன் என்றாள். காயல்பட்டினத்திலிருந்து வரும் தமிழ் டீச்சர் ருகையா மட்டும் தேறினாள். வீட்டு முற்றத்தில் அண்ணன் தம்பிகளோடு ஆடின கை. மற்றவர்களுக்குப் பந்து என்பது வானத்திலிருந்து வருகிற தண்டனை. எமில்டா எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவள் பயப்படவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

விரலை எப்படி விரிப்பது, கட்டை விரல்கள் எப்படி ஒன்றையொன்று பார்க்க வேண்டும், பந்து வந்ததும் முழங்கையை எப்படி உள்ளே இழுத்துக்கொள்வது என்று ஜெயஷீலா ஒருமுறை சொன்னாள், செய்தும் காட்டினாள். இரண்டாவது முறை சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. ஆட்டம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்பது அவள் கட்சி. வராதவளுக்குச் சொல்லிக்கொடுப்பது உப்பளத்தில் வெண்டை விதை போடுகிற வேலை. பிள்ளைகளிடமும் அவள் அப்படித்தான். வருஷ ஆரம்பத்தில் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு பந்து எறிவாள். பிடித்தவள் கோட்டுக்குள் வருவாள். விட்டவள் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பூவரசமரத்தடிக்குப் போவாள். அங்கே இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிக்கொண்டோ ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்துக்கொண்டோ பள்ளிப்படிப்பு முடிகிறவரை பி.டி. பீரியடைக் கழிப்பார்கள். பூவரசமரத்தடிக் கூட்டம் என்று அவர்களுக்கு அவளே பேர் வைத்திருந்தாள்.

"ஒங்கள அந்த மரத்தடிக்குத்தான் டீச்சர் அனுப்பணும்," என்று ஒருநாள் எமில்டாவிடம் சொல்லியும் விட்டாள். மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். எமில்டா பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போட்டி நாளன்று நாசரேத்தில் நல்ல வெயில். முதல் செட் போய்விட்டது. இரண்டாவதை ருகையா தனியாளாக நின்று எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவதில் எதிரணி டீச்சர்களும் இவர்கள் லட்சணத்தில்தான் இருந்தார்கள் என்பது தெரிந்ததும் ஜெயஷீலா கோட்டோரம் வந்து நின்றுகொண்டாள். ஜெயித்துவிடலாம். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. எடுத்தால் எட்டாம் வகுப்பு அவள் கையில்.

எதிரணிக்காரி எறிந்த பந்து நேரே எமில்டாவிடம் வந்தது. ஜெயஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பந்து எமில்டாவின் கையில் இருந்தது. விரல் விரிந்து, கட்டை விரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, முழங்கை உள்ளே அடங்கி, பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படிப் பிடித்திருந்தாள்.

"எறிங்க டீச்சர்! எறிங்க!" என்று கத்தினாள் ருகையா.

எமில்டா இப்படியும் அப்படியும் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே நின்ற ஜெயஷீலா அவள் கண்ணில் பட்டாள். உடனே முகம் தெளிந்தது. முந்தானையால் பந்தை ஒரு துடை துடைத்துவிட்டு, கோட்டைத் தாண்டி நடந்து வந்து, இரண்டு கையாலும் அதை ஜெயஷீலாவிடம் கொடுத்தாள்.

நடுவர் விசில் ஊதி, கடைசிப் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கரஸ்பாண்டன்ட் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பந்தும் கையுமாக நின்ற ஜெயஷீலாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

வேன் ஏரல் பாலத்தைத் தாண்டி வாழைத்தோட்டங்களுக்குள் நுழையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"எம்.எஸ்சி. படிச்சவிய. பந்து கைக்கு வந்தா எதுத்தாப்புல எறியணும். இது அவ்வளவு பெரிய கணக்கா டீச்சர்?"

எமில்டா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அழுதிருப்பாள் என்று ஜெயஷீலா எதிர்பார்த்தாள். அழவில்லை.

"நானும் இந்த ஸ்கூல்லதான் டீச்சர் படிச்சேன். ஒருநாளும் என்னக் கோட்டுக்குள்ள விட்டதில்ல. பந்து வெளிய வந்தா ஓடிப்போய் எடுத்து, தொடச்சு, ரெண்டு கையால பி.டி. டீச்சர்ட்ட குடுக்கணும். எறிஞ்சா அடி விழும். பள்ளிக்கூடம் முடிச்சு வெளிய போற வரைக்கும் அதான் எனக்கு பி.டி. இன்னைக்குப் பந்து கையில வந்து உக்காந்ததும், வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியல."

"அதுக்கு? யாரோ செஞ்சதுக்கு என் பீரியடப் புடுங்குவியளா?"

"ஒங்க பீரியட்லயும் ஏழு பேருதான டீச்சர் ஆடுதாளுவ. மாடி ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். மிச்ச பிள்ளைய மரத்தடியில சும்மாதான இருக்கு. அதுகளக் கூப்பிட்டு ரெண்டு கணக்கு சொல்லிக் குடுத்தா யாருக்கு என்ன நட்டம்னு தோணிச்சு."

"நீங்க மட்டும் ரொம்ப ஒழுங்கோ? மக்கு, மண்டூகம்னு நீங்க திட்டுதது கிரவுண்டு வரைக்கும் கேக்கு."

"திட்டுதேன். ஒருத்திய விடாமத் திட்டுதேன்," என்றாள் எமில்டா. "ஆனா ஒருத்தி விடாம போர்டுக்கு வரணும்."

அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பந்து எறியத் தெரியாதவளுக்கு எவ்வளவு திமிர் என்று ஜெயஷீலா கொதித்தாள். சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஊர் வந்து சேரும்வரை தேடினாள்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பு பி.டி. பீரியடுக்கு மணி அடித்தபோது ஜெயஷீலா மைதானத்துச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நின்றாள். எமில்டா சாக்பீஸும் டஸ்டருமாக வகுப்பைவிட்டு வெளியே வந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க டீச்சர்."

"தோத்தா கிடையாதுன்னு மேடம் சொல்லிட்டாவ."

"மேடம்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க."

பிச்சை போடுகிறாள், அதிலும் நிபந்தனை வேறு என்று ஜெயஷீலா நினைத்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

ஏழு பேரும் கத்திக்கொண்டு கோட்டுக்குள் ஓடினார்கள். மற்றவர்கள் யாரும் சொல்லாமலேயே பூவரசமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து இலை பறிக்க ஆரம்பித்தார்கள். ஜெயஷீலா பந்தோடு நடுவில் நின்றாள். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். எமில்டா அங்கே நின்றுகொண்டிருந்தால் நிற்கட்டும். பார்க்கட்டும். இந்தக் கூட்டத்துக்குக் கை வராது என்பதை இன்றைக்கே அவள் கண் முன்னால் காட்டிவிடலாம்.

மரத்தடிக்குப் போனாள். "ஏளா, எழும்புங்க. எல்லாரும்."

பீப்பிச் சத்தம் நின்றது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். எழுந்ததும் வரிசையாக நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து, நகத்தைக் காட்டினார்கள்.

ஜெயஷீலா கொஞ்சநேரம் அந்தக் கைகளைப் பார்த்தாள். "நகம் பாக்க வரல," என்றாள். முதலில் நின்ற பிள்ளையைக் கேட்டாள். "பேரென்ன?"

"சுடலைமாடத்தி, டீச்சர்."

ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிற முகம். "பின்னால போ. இன்னும் கொஞ்சம். நில்லு. நான் போடுதேன், பிடிக்கணும், சரியா?" என்று சொல்லி, கைக்குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாகப் போட்டாள்.

பந்து வருவதைப் பார்த்ததும் சுடலைமாடத்தி விலகி வழிவிட்டாள். அது துள்ளித் துள்ளிச் சுவரோரம் போய் அடங்கியது. பின்னாலேயே ஓடினாள். குனிந்து எடுத்து, துப்பட்டாவால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ஒரு பொட்டுக் கரி இல்லை என்று திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மைதானம் முழுக்க நடந்து வந்து, கறுத்துப்போன இரண்டு கையாலும் பந்தை நீட்டிக்கொண்டு டீச்சர் முன்னால் நின்றாள்.