அழுத்தத்தின் மேல் பழி

கட்டுரையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அன்ஜும் சொன்னதும் சிவக்குமாருக்கு முகம் சுண்டிப்போனது. மூன்று வருடமாக அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி அவர். அவர் ஒப்புக்கொள்ளாமல் அவளுக்கு டாக்டர் பட்டம் கிடையாது.

"என்னம்மா தப்பு? அழுத்தம் கொடுத்தோம், உப்போட அமைப்பு மாறிடுச்சு. அவ்வளவுதானே?"

"அழுத்தம் மட்டும் மாத்தலைங்க சார். எக்ஸ்ரே பட்டுத்தான் மாறுச்சு."

இரண்டு வைர முனைகளுக்கு நடுவே ஆக்சலேட் என்னும் உப்பின் தூளை வைத்து, திருகாணியை முறுக்கி நசுக்குவது அவள் வேலை. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எக்ஸ்ரே செலுத்திப் பார்ப்பார்கள். பார்ப்பதற்காக விட்ட கதிரே தூளை மாற்றிவிடுகிறது என்றால், அழுத்தம்தான் காரணம் என்று சிவக்குமார் ஏற்கெனவே எழுதிய இரண்டு கட்டுரைகளும் சந்தி சிரிக்கும்.

பக்ரீத்துக்குப் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் திருகாணியைத் தளர்த்த மறந்து ஓடியிருந்தாள் அன்ஜும். மூன்று நாள் அதே அழுத்தத்தில் கிடந்தும் தூள் மாறாமல் வெள்ளையாகவே இருந்தது. திரும்பி வந்து பத்து மணி நேரம் எக்ஸ்ரே செலுத்திய பிறகு, கதிர் பட்ட இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு புள்ளி.

"தளர்த்தாம போனது உன் தப்பு. அதையே கொண்டாந்து ஆதாரம்ங்கறியா? பூட்டு ரிப்பேர்க்காரர் வூட்டுல மொத டிகிரி வாங்கினவ, எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"எங்கப்பாவை எதுக்குங்க இழுக்கறீங்க? பூட்டு திறக்கலைன்னா அவரு திறக்கலைன்னுதான் சொல்லுவாரு. மைக்ராஸ்கோப் இங்கதான் இருக்கு. குனிஞ்சு பாருங்க!"

அவர் குனியவில்லை. "சரியான அழுத்தக்காரி! சோபனா, உன் பேரைப் போட்டுக்கலாம், வா."

பக்கத்து மேசையில் அளவு குறித்துக்கொண்டிருந்த ஜூனியர் சோபனா தலை நிமிரவில்லை. "வேண்டாங்க சார். அக்கா காட்டுனப்பவே நான் குனிஞ்சு பார்த்துட்டேன்."

"அப்ப சரி. இனி உன் தீசிஸ்ல என் கையெழுத்து விழாது, அன்ஜும்."

"விழ வேண்டாங்க. பொய்யில என் பேரும் விழாது."

கதவைப் படாரென்று அறைந்து சாத்திவிட்டுப் போனார் சிவக்குமார். அன்ஜும் கருவியை மயிரிழை நகர்த்தி, இன்னும் வெள்ளையாக இருந்த பக்கம் கதிர் படும்படி வைத்து, எக்ஸ்ரேயை ஓடவிட்டாள். அது ஓடிக்கொண்டிருக்க, வழிகாட்டியை மாற்றக் கேட்டுத் துறைத்தலைவருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.