ஐந்தாம் வார்த்தையும் ஒரு குடம் நல்ல தண்ணீரும்

வலத்தோளின் பொருத்திலே பழுக்கக் காய்ச்சிய ஆணியொன்றை அறைந்தாற்போலக் குத்தி, முழங்கைவழி இறங்கி, விரல்நுனிகளை மரக்கச் செய்யும் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவராய், பெரிய வெள்ளியின் விடியற்பொழுதில் தங்கச் சுரங்கக் குடியிருப்பான நந்திதுர்க்கின் மேல்நிலை நீர்த்தொட்டியடியில் குந்தியிருந்தார் கொர்னேலியஸ். முந்திய மாலை தொடங்கிய நோன்பினால் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நா உலர்ந்த தோற்பட்டையாய் வாய்க்குள் புரண்டது. கீழ்வானம் வெளுக்க வெளுக்க, பொன் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் பிணத்தின்மேல் போர்த்திய கோடித்துணிபோல் வெளிறித் தெரிந்தன. இயக்கம் நின்றுபோன இராட்டினங்களைத் தலையிற் சுமந்த இரும்புக் கோபுரங்கள், கூலி கேட்டு வந்து விரட்டப்பட்ட ஆட்களைப்போல் வெறுங்கையோடு நின்றன. நூறாண்டுக்கும் மேலாகப் பொன்னை அள்ளிக் கொடுத்த இம்மண்ணில், கொடுத்தவர் பிள்ளைகளுக்குக் குடிநீர் இல்லை என்பதைக் கற்றறிந்தோராகிய நீங்கள் நாளேடுகளில் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு மடித்தும் வைத்திருப்பீர்கள்.

இளமையில் சுரங்கத்தின் அடியாழத்தில் பாறை பிளந்தவர் கொர்னேலியஸ். சுரங்கம் மூடப்பட்டபின் நாட்கூலிக்கு நீர் திறந்துவிடும் வேலையில் அமர்ந்து, வால்வு என்று ஊரார் சொல்லும் அடைப்பை மார்பளவு உயரமுள்ள இரும்புச் சாவியால் திருகித் திருகியே தோளைத் தேய்த்துக்கொண்டவர். எந்த லைனுக்கு, அதாவது எந்த வீட்டு வரிசைக்கு, என்றைக்கு நீர் என்பது ஏட்டில் ஒருவிதமாகவும், கிளாரன்ஸின் வாயில் வேறுவிதமாகவும் இருக்கும். கிளாரன்ஸ் அவருடைய திருச்சபையின் செயலர். அந்த வட்டத்தின் நகரமன்ற உறுப்பினரும் அவரே. தை மாதத் தேர்தலில் நூலிழையில் தப்பி வென்ற அவர், பின்லைன் வீடுகள் தமக்கு எதிராக வாக்களித்ததைக் கண்டறிந்து, அன்று முதல் அந்த லைனின் அடைப்பைத் திறக்கலாகாது என்று வாய்மொழியாய் ஆணையிட்டிருந்தார். கொர்னேலியஸ் திறக்கவில்லை. பதினொரு வாரமாகத் திறக்கவில்லை.

கொடியவராய் இருந்ததாலன்று. கொள்கை ஒன்று இருந்ததால். ஆளுகிறவரை ஆண்டவரே அமர்த்துகிறார், நம்ம ஆளு நாற்காலியில் இருந்தால் நம் சபைக்கு நல்லது: இருபது ஆண்டுகளாய் ஒவ்வொரு தேர்தலிலும், ஆலயத்தில் நின்றும், செபக்கூட்டம் முடிந்த கையோடு வீடுவீடாகச் சென்றும் அவர் ஓதிய மறை இதுவே. அதற்குக் கைம்மாறாக வேலை நிரந்தரமாகும் ஆணை அடுத்த திங்கள் வருவதாயிருந்தது. "அது கைக்கு வர்ற வரைக்கும் வாய மூடிக்கினு இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று நாள்தோறும் நினைவூட்டுவார் அவர் மனைவி ஞானசுந்தரி.

அவ்விடியலில், தலைவிரிகோலமாய், இடுப்பில் வெற்றுக்குடத்தோடு பின்லைனிலிருந்து ஏறி வந்தவள் சரோஜம்மா.

"கொர்னேலியஸண்ணே. அவரு போயிட்டாரு. நாலு மணிக்கு."

நுரையீரலில் கல்தூசு படிந்து ஆறாண்டாய் இருமியே கரைந்த அவள் கணவன் தங்கவேலுவின் முகம் அவர் கண்முன் வந்து நின்றது. சுரங்கத்தில் அவரோடு ஒரே குழுவில் பாறை பிளந்தவன் அவன்.

"குளிப்பாட்டணும். ஒரு கொடம் நல்ல தண்ணி வுடு. லைன் பூரா வுட வேணாம், எனக்கு மட்டும்."

"முன்லைன்ல யாரும் தரலியாம்மா?"

"கேட்டேனே. உனக்குக் குடுத்தா எங்களுக்கும் நின்னுடும்னு கதவச் சாத்திக்கிறாங்க. சாவு வூட்டு மூஞ்சிமேல."

கொர்னேலியஸ் கைபேசியை எடுத்தார். மறுமுனையில் கிளாரன்ஸின் தூக்கம் கலையாத குரல் இரக்கம் சொட்டப் பேசிற்று: "பாவந்தாண்ணே. ஆனா ஒரு வூட்டுக்குத் தொறந்தா லைனுக்கே தொறந்த மாதிரி. ஒரு மாசம் போவட்டும். உங்க ஆர்டர் வேற டேபிள் மேலதான் கீது, பாத்துக்கோங்க. மத்தியானம் உங்க பிரசங்கம் கேக்க மொத பெஞ்சுல குந்தினு இருப்பேன்."

தொட்டிக்கருகே கழிப்பறைக்கென்று ஓர் ஆழ்குழாய் உண்டு. துருவும் உப்பும் கலந்து செந்நிறமாய் வழியும் அந்நீரை இரு குடம் நிரப்பி, மிதிவண்டியின் இருபுறமும் கட்டி, நோவெடுத்த தோளோடு தாமே தள்ளிச்சென்று அவள் வாசலில் இறக்கினார். தாம் செய்தது நன்மையென்றே அவ்வேளையில் நம்பினார். நெஞ்சில் சிறிது பெருமையுங்கூட.

சரோஜம்மா குடத்துள் விரலை விட்டு நாவில் வைத்துப் பார்த்தாள்.

"இத்துல நாங்க கக்கூஸ் கழுவுறோம்ணே."

"இன்னிக்கு இத்த வெச்சி முடிச்சிக்கம்மா..."

"பாறை இடிஞ்சி ரெண்டு நாளு சொரங்கத்து லெவல்ல மாட்டிக்கினீங்களே, அப்ப நீ யாரு கேன்லருந்து குடிச்ச? வோட்டு யாருக்குப் போட்டன்னு கேட்டா அவரு குடுத்தாரு?" அவள் அழவில்லை, சிரித்தாள். "போ. சர்ச்சுக்கு நேரமாவுது. வெள்ளச் சட்ட அழுக்காயிடப் போவுது."

உச்சிப்பொழுதில் ஆலயம் நிறைந்திருந்தது. சுரங்கத்தின் செழிப்பான காலத்தில் எழுந்த அக்கற்கட்டடத்தில், சிலுவையில் மொழியப்பட்ட ஏழு வார்த்தைகளையும் எழுவர் எடுத்துரைப்பது ஆண்டாண்டாய் வரும் வழக்கம். ஐந்தாவது, தாகத்தின் வார்த்தை, இவ்வாண்டு கொர்னேலியஸின் பங்கு. அதை எப்படி உரைப்பது என்பதற்கும் அச்சபையில் ஒரு வழக்கம் இருந்தது: அது தண்ணீருக்கான தாகமன்று, ஆத்துமாக்களுக்கான தாகம் என்று தொடங்கிக் கண்ணீரோடு முடிப்பது. தந்தையர் அப்படியே உரைத்தனர். மைந்தரும் அப்படியே எழுதி வந்தனர். கொர்னேலியஸின் கைத்தாளிலும் அதுவே இருந்தது.

மேடையேறித் தாளை விரித்தார். எதிரே முதல் விசிப்பலகையில் மடிப்புக் கலையாத வெண்ணுடையில் கிளாரன்ஸ். அவர் அருகில் மூடி திறவாத நீர்ப்புட்டி ஒன்று, குளிர்ச்சியால் வியர்த்திருந்தது. தாகமென்று சொன்னவருக்குப் புளித்த காடியை நீட்டிய கைகளைப் பற்றிய வரியில் கொர்னேலியஸின் விரல் நின்றது. அவ்விரலின் நகக்கண்ணில், கழுவியும் போகாத செந்நிறத் துருவைக் கண்டார். நீட்டியவன் எவனோ அயல்நாட்டுப் படைவீரன் என்று ஐம்பத்தேழு ஆண்டுகளாய் எண்ணியிருந்தவருக்கு, அந்தக் கை தம் தோளிலிருந்தே நீண்டு கிடப்பது அப்போதுதான் தெரிந்தது.

"அவரு தண்ணி கேட்டாரு," என்றார். குரல் கரகரத்தது. "வேற ஒண்ணுமில்ல. தண்ணி. குடிக்கிற தண்ணி."

சபை நிமிர்ந்தது.

"இன்னிக்கு விடியக்காலம் தங்கவேலு பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணி கேட்டாங்க. நான் கக்கூஸ் தண்ணி குடுத்தேன். பதினோரு வாரமா பின்லைனுக்கு வால்வத் தொறக்கல. சொன்னவரு மொத பெஞ்சுல கீறாரு. செஞ்சவன் இங்க நிக்கிறேன்."

கிளாரன்ஸ் எழுந்தார், புன்னகை மாறவில்லை. "அண்ணே, பிரசங்கம் பண்ணுங்க. கோயில்ல அரசியல் வேணாம்."

"இருபது வருசமா இங்க நின்னுதான் தம்பி உனக்கு அரசியல் பேசினேன். அப்பல்லாம் நீ ஆமென் சொன்ன." மேடையின் விளிம்பை இறுகப் பற்றினார். "நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு இந்த வாயாலதான் சொன்னேன். சிலுவையில தொங்கினவரு நம்ம ஆளா? ஊரே சேர்ந்து வாசலுக்கு வெளிய தள்ளின ஆளு. அவரு இன்னிக்குப் பின்லைன்லதான் கீறாரு. தண்ணிய நிறுத்துற எந்த நாற்காலியையும் ஆண்டவரு போட்டதுன்னு இனி நான் சொல்ல மாட்டேன். இனிமே உனக்குன்னு ஒரு வோட்டும் கேக்க மாட்டேன். எதுத்து நிக்கிறவனும் இதே மாதிரி நிறுத்தினா அவனுக்கும் மாட்டேன்."

தாளை மடிக்காமலே இறங்கி, நடுவழியே நடந்து வெளியேறினார். ஆறாம் வார்த்தைக்கு உரியவர் எழுவதா அமர்வதா என்று தெரியாமல் அரைநிலையில் நின்றார்.

வெயில் கொதித்தது. தொட்டியடியில் சாவியைச் செருகித் திருகினார், பதினொரு வாரத் துருவேறிய அடைப்பு அசையவில்லை, தோள் கைவிட்டது. பின்னால் மூச்சிரைக்கும் ஓசை. வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஞானசுந்தரி வந்து நின்றார்.

"வேல போச்சு. ஆர்டர் போச்சு. நல்லா வாய்க்கு வந்தபடி பேசிட்டீங்க." கண்ணீரைப் புறங்கையால் துடைத்தவர் சாவியின் மறுபக்கக் கைப்பிடியைப் பற்றினார். "இன்னா பாக்குறீங்க? அந்தப் பக்கம் புடிங்க. தள்ளுங்க."

இருவர் எடையும் சேர்ந்தழுத்த, இரும்பு அலறி, பூமிக்கடியில் நீர் ஓடும் முழக்கம் எழுந்தது.

பின்லைன் குழாயடியில் குடங்கள் முட்டிமோதின. ஆயினும் அதற்கு ஒரு நாழிகை முன்னரே, துருநீரில் குளித்த தங்கவேலுவைச் சுமந்துசென்று புதைத்துவிட்டிருந்தனர். சரோஜம்மா தன் குடத்தை நிரப்பினாள், கொர்னேலியஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"லைனுக்குப் பதினோரு வாரத் தண்ணி பாக்கி கீது," என்றாள். "அவரோடது தனி."

கற்றறிந்தோரே, மனந்திரும்பியவனை மன்னித்துவிட்டோம் என்று நீங்கள் விரைந்து புத்தகத்தை மூடுவீர்கள். மன்னிப்பது உங்களுக்கு எளிது, தாகம் உங்களுடையது அன்று. மனம் திரும்பினால் அடைப்பும் திரும்பும். பதினொரு வார நீரைச் சாவி கையிலிருக்கும்வரை திருகித் திருகித் தீர்க்கலாம், சாவி பறிபோனால் தெருவில் நின்று கேட்டும் தீர்க்கலாம். ஆனால் பாறைக்கடியில் தன் பங்கைப் பகிர்ந்து கொடுத்த தங்கவேலுவுக்கு, அவன் மண்ணுக்குள் போகுமுன் கொர்னேலியஸ் தரவேண்டியிருந்தது ஒரு குடம் நல்ல தண்ணீர். அதை அவர் தரவில்லை. அது இன்னும் கடனாகவே நிற்கிறது.