போர்பன் பழகிய நாக்கு

திருச்செங்கோட்டில் சின்னுசாமியின் போர்வெல் ரிக் வண்டிகள் நிற்கும் ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிபாளையம் சிக்கன் அடுப்பிலிருந்து இறங்கிய வேளையில்தான் அந்த விஸ்கிப் புட்டி வெளியே வந்தது. தான்சானியாவில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய சின்னுசாமி, அதை வேட்டியில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். மனைவி கோகிலவாணியின் தம்பி சிவபிரகாஷ் வந்து பார்த்த பிறகுதான் மூடியைத் திறப்பது என்று அதுவரை பீரோவில் பூட்டியும் வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் உண்டு. சிவபிரகாஷ் அமெரிக்காவின் கென்டக்கியில் நெடுங்காலம் பொறியாளராக இருந்துவிட்டு, அண்மையில்தான் சூரமங்கலத்தில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தான். கென்டக்கி போர்பன் விஸ்கிக்குப் பேர்போன மண். அந்த விஸ்கியின் லேபிளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு அத்துப்படி. உறவுக்காரர்கள் கூடிக் குடிக்கும் இடத்தில் அவன் சொல்வதுதான் முடிவு.

"இந்தாங்க மாப்ள," என்று புட்டியை நீட்டினார் சின்னுசாமி. "அங்க ஜோசப்புனு ஒரு விவசாயிங்க. யார் யாரோ போர் போட்டும் அவரு காட்டுல தண்ணி வரல. நம்ம ரிக்குல பீச்சி அடிச்சுதுங்க. தண்ணி வர்ற அன்னைக்கு இத ஒடைக்கோணும்னு வச்சிருந்தாராம். என்ற கையில திணிச்சுப்போட்டு மனுசன் அழுதுட்டாரு."

சிவபிரகாஷ் புட்டியை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தான். ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் விஸ்கி. பதினெட்டு ஆண்டு ஊறியது என்று போட்டிருந்தது. உள்ளே இருந்ததோ காய்ந்த வைக்கோலின் நிறம். அவன் அறிந்த போர்பனில் வயது ஏற ஏற நிறமும் ஏறும். பதினெட்டு ஆண்டு என்றால் வெல்லப்பாகு போலல்லவா இருக்க வேண்டும்? அதோடு, 'சிங்கிள்' என்ற சொல்லை ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்று படித்தே அவனுக்குப் பழக்கம். இந்த லேபிளின் அடியிலோ, முன்பே பயன்படுத்திய பல பீப்பாய்களில் ஊறியதாகச் சிறிய எழுத்தில் கண்டிருந்தது. போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் சட்டம்.

"மச்சான், உங்கள நல்லா ஏமாத்திப்போட்டாங்க," என்று சிரித்தான்.

"ஏனுங்க?"

"மேல சிங்கிள்னு போட்டுட்டு, கீழ பல பீப்பாய்ங்கறான். அதுவும் பழைய பீப்பாய். கலரப் பாருங்க! டூப்ளிகேட்டுங்க இது."

சிவபிரகாஷின் பெரியப்பா மகன் தீனதயாளன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "டூப்ளிகேட் வாங்கறதுக்கு ஆப்பிரிக்கா வரைக்குமா போனீங்க மச்சான்? அதுக்கு நம்ம சந்துக்கடை சரக்கே போதுமே!"

சிவபிரகாஷ் ஒரு மிடறு குடித்தும் பார்த்தான். போர்பனின் தித்திப்பைத் தேடினான், கிடைக்கவில்லை. உதட்டைப் பிதுக்கி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, லேபிளைப் படமெடுத்துக் கென்டக்கி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வேடிக்கையாக அனுப்பினான்.

"நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்," என்றார் சின்னுசாமி. மற்றவர்களோடு சேர்ந்து தாமும் சிரித்தார். பிறகு எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினார். அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நண்பர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. சிங்கிள் என்பது ஸ்காட்லாந்தில் ஒரே பீப்பாயை அல்ல, ஒரே வடிசாலையைக் குறிக்குமாம். பழைய பீப்பாய் ஒரு குறையே அல்ல. கென்டக்கியில் போர்பன் இறக்கிய பீப்பாய்களே கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றனவாம். ஒருமுறை நிறத்தை இறக்கிவிட்ட மரம் அடுத்த சரக்குக்கு மெல்லத்தான் நிறம் கொடுக்கும். வெளிறியிருப்பது, நிறமேற்றாத நல்ல சரக்கின் இயல்பு. 'அருமையான புட்டி, யார் கொடுத்தார்கள்?' என்று முடித்திருந்தார் நண்பர்.

சிவபிரகாஷ் உடனே காரை எடுத்தான். ஷெட்டில் கம்ப்ரஸருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த சின்னுசாமியிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்போ நல்ல சரக்குங்களா?"

"ரொம்ப நல்லதுங்க மச்சான். தப்பு என்ற மேலதான். புட்டி எங்கீங்க?"

"மண்ணுல ஊத்திப்போட்டனுங்க." சின்னுசாமியின் குரலில் கோபம் இல்லை. "டூப்ளிகேட்டுன்னு சொன்னீங்கல்ல. ரிக்குல வேலை செய்யற ஆளுக எடுத்துக் குடிச்சு, கண்ணு கிண்ணு போயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சிவபிரகாஷ் பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்தான்.

"அது போனாப் போகுதுங்க," என்றார் சின்னுசாமி. "ஜோசப்புக்குப் போன் போட்டு, தெரிஞ்ச இங்கிலீசுல 'யூ சீட் மீ'ன்னு கேட்டுப்போட்டேன். அவரு என்னமோ சொல்ல வந்தாரு. நான் வெச்சுட்டேன்."

தண்ணீர்ச் சொம்போடு வந்த கோகிலவாணி தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். "உம்பட பேச்ச நம்பித்தான் கண்ணு, உங்க மச்சான் அந்த மனுசன வஞ்சாரு. போன வெச்சதுல இருந்து செரியாச் சாப்படறதில்ல."

"இப்பவே பேசறேங்க மச்சான். நம்பர் போடுங்க."

மணி நெடுநேரம் அடித்தது. எடுக்கமாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார். சிவபிரகாஷ் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, லேபிளைத் தான் தவறாகப் படித்ததையும், அதை நம்பியே சின்னுசாமி அவ்வாறு பேசியதையும், புட்டி மண்ணில் போனதையும் ஒன்றையும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டான். மறுமுனையில் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

பிறகு ஜோசப் நிதானமாகக் கேட்டார். அதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம், ஒருநாளும் குடித்ததில்லையாம். சின்னுசாமிக்காவது அதன் ருசி எப்படி இருந்தது?

சிவபிரகாஷ் போனைக் கையால் பொத்திக்கொண்டு அதைத் தமிழில் சொன்னான்.

சின்னுசாமி கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்தார். "நானெங்கீங்க குடிச்சேன்? குடிச்சது நீங்கதானுங்க மாப்ள. நீங்களே சொல்லுங்க."

சிவபிரகாஷ் போனைக் காதில் வைத்தான். அந்த ஒரு மிடற்றை எவ்வளவோ முயன்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். அதில் என்ன இல்லை என்பது மட்டுமே நாக்கில் தங்கியிருந்தது. மறுமுனையில் ஜோசப் பொறுமையாகக் காத்திருந்தார்.